கம்பளச் சலவையும் நீரும்: சில தப்பெண்ணங்கள்

கம்பளத்தைச் சலவைக்குக் கொடுப்போரில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் நீர் பட்டாலே கம்பளம் கெட்டுவிடும் என்று அஞ்சுவர். சலவைக் கூடத்தின் சிமெண்டுத் தளத்தில் தம் கம்பளத்தின்மீது குழாய் நீர் பாய்வதைக் கண்டால் இவர்கள் திடுக்கிடுவர். மற்றொரு சாரார் எவ்வளவு நீர் ஊற்றுகிறோமோ அவ்வளவு அழுக்கு நீங்கும் என்று நம்புவர். வீட்டிற்கு இயந்திரத்துடன் வந்த தொழிலாளி சிறிதளவு நீரையே தெளித்தால், அவர் வேலையைக் குறைத்துத் தம்மை ஏமாற்றுகிறார் என்று இவர்கள் குறை கூறுவர். இவ்விரு எண்ணங்களும் ஒரே பிழையிலிருந்து தோன்றுபவை. இரு சாராரும் கம்பளத்தினுள் செல்லும் நீரை மட்டுமே காண்கின்றனர். அதிலிருந்து திரும்ப எடுக்கப்படும் நீரை அவர்கள் கருதுவதில்லை. அழுக்கைக் கொண்டு செல்வதோ திரும்ப எடுக்கப்படும் நீரேயாகும்.

இப்பிழை சிறியதன்று. காஷ்மீரத்திலும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் வட்டாரங்களிலும், ஆக்ரா, ஜெய்ப்பூர் முதலிய நகரங்களிலும் கம்பளங்கள் கையால் முடிச்சிட்டு நெய்யப்படுகின்றன. ஓர் அங்குல நீளத்திற்கு 18 முடிச்சும், ஓர் அங்குல அகலத்திற்கு 18 முடிச்சும் உள்ள கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்திற்கு 324 முடிச்சுகள் இருக்கும். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள அத்தகைய கம்பளம் ஒன்றில் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள் அடங்கும். ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் இடுவதாகக் கொண்டால், முடிச்சிடும் வேலைக்கு மட்டும் 187 நாட்கள் தேவை. ஆறு மாத உழைப்பின் பயனை ஒரு நாள் தவறான சலவை அழித்துவிடலாம். நீருக்கு அஞ்சிச் சலவையே செய்யாமல் விடுவதும், மெதுவாகவேனும், அதே கேட்டைத் தரும். ஆதலின் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இப்பொருளைத் தெளிவாக அறிந்து பிறருக்கு விளக்குதல் நன்று.

கம்பளத்தின் அமைப்பு

கையால் முடிச்சிட்ட கம்பளத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன. நீளவாட்டில் செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. இவ்விரண்டும் பெரும்பாலும் பருத்தி நூலால் ஆனவை. இவையே கம்பளத்தின் அடித்தளம். பாவு நூல்களில் முடிச்சிடப்பட்டு மேலே நிற்பவை கம்பளி அல்லது பட்டு இழைகள். இவற்றை மேலிழைகள் எனலாம். கால் படுவதும் கண்ணுக்குத் தெரிவதும் மேலிழைகளேயாயினும், கம்பளத்தைத் தாங்குவது அடித்தளமாகும்.

வேறொரு வகைக் கம்பளமும் இன்று பெருவழக்கில் உள்ளது. அதில் முடிச்சு இல்லை. துணியொன்றில் ஊசிக் கருவியால் இழைகளைச் செலுத்தி, பின்புறத்தில் ரப்பர்ப் பால் போன்ற பசையைப் பூசி, அதன்மேல் வேறொரு துணியை ஒட்டிவிடுவர். இதனை ஊசிக் கம்பளம் என்று குறிப்போம். கம்பளத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முடிச்சிட்ட கம்பளத்தின் பின்புறத்தில் முன்புறத்துச் சித்திரம் அப்படியே தெரியும். ஊசிக் கம்பளத்தின் பின்புறத்தை ஒட்டுத் துணி மறைத்திருக்கும்.

நார்களும் நீரும்

எல்லா நார்களும் நீரை ஒரே அளவில் ஏற்பதில்லை. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 சதவீத நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பருத்தி சுமார் 8 சதவீதமும், நைலான் சுமார் 4 சதவீதமும் ஏற்கின்றன. பாலிபுரொப்பிலீன் என்னும் செயற்கை நார் நீரை ஏற்பதே இல்லை எனலாம். ஈரம் நிறைந்த காற்றில் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை ஏற்றும், தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாதிருக்கும்.

நனையும்போது பருத்தியின் வலிமை கூடுகிறது; கம்பளியின் வலிமை குறைகிறது. பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்புகளை ஊறவைத்துத் துவைத்துப் பழகியவர்கள், அதே முறையைக் கம்பளிக்கும் கையாளுவது இக்காரணத்தால் தவறாகும். கம்பளி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மனிதனின் தலைமயிரும் அப்புரதத்தால் ஆனதே. கடுமையான காரங்கள் இப்புரதத்தைச் சிதைக்கும். 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்தால் கம்பளி சில நிமிடங்களில் கரைந்துவிடும். பருத்தியோ கரையாமல் நிற்கும். ஆதலால் கம்பளிக்கு உரிய சலவைப் பொருள் நடுநிலையாகவோ அதற்குச் சற்று முன்பின்னாகவோ இருத்தல் வேண்டும்.

முதல் தப்பெண்ணம்: நீர் பட்டால் கம்பளம் கெடும்

முடிச்சிட்ட கம்பளம் தறியிலிருந்து இறக்கப்பட்டபின், விற்பனைக்கு வருமுன்னரே நீரில் கழுவப்படுகிறது. தொழிலாளர்கள் அதனைத் தளத்தில் விரித்து, நீரும் சலவைக் கரைசலும் ஊற்றி, நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையால் மேலிழை படியும் திசையில் நீரைத் தள்ளி வெளியேற்றுகின்றனர். நெசவின்போது படிந்த தூசியும், உதிர்ந்த நார்களும், பிடிப்பில்லாச் சாயமும் நீங்கி, கம்பளம் பளபளப்புப் பெறுவது இக்கழுவலால்தான். ஆகவே வாடிக்கைக்காரர் அஞ்சும் நீரை அவருடைய கம்பளம் முன்னரே ஒருமுறை கண்டிருக்கிறது.

கேடு விளைவிப்பவை வேறு. அவையாவன: நெடுநேரம் நீங்காத ஈரம், கடுங்காரம், சூட்டுடன் கூடிய தேய்ப்பு, கெட்டிப்படாத சாயம். இந்நான்கையும் தவிர்க்கத் தெரிந்தவரே தேர்ந்த சலவையாளர்.

நீருக்கு முன்பு செய்யவேண்டிய வேலையும் ஒன்றுண்டு. கம்பளத்தில் தங்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும் ஆகும். மணல் துகள்களின் கூர்முனைகள், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மேலிழைகளை அடிப்பகுதியில் அராவி அறுக்கின்றன. கழுவாமல் விட்ட கம்பளம் ‘தேய்ந்துபோவது’ இவ்வாறே. இம்மண்ணை நீரூற்றிக் கரைக்க முயன்றால் அது சேறாகி உள்ளே இறங்கும். ஆதலின் சலவையாளர் கம்பளத்தைக் கவிழ்த்துப் பின்புறத்தில் தட்டியோ, உறிஞ்சும் கருவியைக் கொண்டோ உலர்ந்த மண்ணை முதலில் அகற்றுகிறார். இவ்வேலைக்கு ஆகும் நேரத்தை வீண் தாமதம் என வாடிக்கைக்காரர் எண்ணலாகாது.

இரண்டாம் தப்பெண்ணம்: நீர் மிகுந்தால் தூய்மை மிகும்

இதனை ஓர் எளிய கணக்கினால் ஆராயலாம். சோப்புக் கரைசலால் முற்றிலும் இளகிய 100 கிராம் அழுக்கு ஒரு கம்பளத்தில் இருப்பதாகக் கொள்வோம். நீர் தானாக வடிந்த பின்னரும் அக்கம்பளம் 10 லிட்டர் நீரைத் தன்னுள் வைத்திருக்கும் என்க. அலசுவதற்குக் கையில் உள்ள நீர் 30 லிட்டர்.

முதல் முறை: 30 லிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றி வடியவிடுதல். மொத்தம் 40 லிட்டரில் 10 லிட்டர் கம்பளத்தில் தங்கும். அழுக்கில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 கிராம், எஞ்சும்.

இரண்டாம் முறை: பத்துப் பத்து லிட்டராக மூன்று தடவை ஊற்றி வடியவிடுதல். ஒவ்வொரு தடவையும் அழுக்கு பாதியாகும். முடிவில் எஞ்சுவது 12.5 கிராம்.

மூன்றாம் முறை: முதலிலும், ஒவ்வோர் அலசலுக்குப் பின்னும், பலகையாலோ உறிஞ்சும் கருவியாலோ நீரை வெளியேற்றி, 2 லிட்டர் மட்டுமே தங்கும்படி செய்தல். 10 லிட்டர் ஊற்றும்போது மொத்தம் 12 லிட்டராகும். அதில் 2 லிட்டர் தங்குவதால் ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு பங்கே எஞ்சும். மூன்று தடவைக்குப் பின் எஞ்சுவது 216இல் ஒரு பங்கு, அதாவது அரை கிராமுக்கும் குறைவு. முதலில் நீரை வெளியேற்றியபோதே நீங்கிய அழுக்கு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மூன்று முறைகளிலும் செலவான நீர் 30 லிட்டரே. எஞ்சிய அழுக்கோ 25 கிராமிலிருந்து அரை கிராமுக்குக் குறைந்துவிட்டது. உண்மைச் சலவையில் அழுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கரைவதில்லையாயினும், கணக்கு காட்டும் நெறி மாறாது. நீரை வெளியேற்றும் திறனே தூய்மையின் அளவுகோல் ஆகும்.

வீட்டில் தரையோடு ஒட்டப்பட்ட விரிப்புகளுக்குச் சலவையாளர் ஏன் குறைந்த நீரையே பயன்படுத்துகிறார் என்பதும் இதனால் விளங்கும். தனிக் கம்பளத்தைத் தூக்கலாம், புரட்டலாம், இருபுறமும் நீரை வெளியேற்றலாம். ஆதலின் அதற்குத் தாராளமாக நீர் விடலாம். ஒட்டிய விரிப்பில் மேற்புறம் ஒன்றே எட்டும். அடியில் இறங்கிய நீரைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஊசிக் கம்பளத்திலும் நீர் மிகுந்து நெடுநேரம் தங்கினால் ஒட்டுப் பசை தளர்ந்து பின்துணி பிரிந்துவிடும். எடுக்க முடிந்த அளவே இடுதல் என்பதே இத்தொழிலின் விதி.

மூன்றாம் தப்பெண்ணம்: கொதிநீரும் நீராவியும் சிறந்தவை

‘நீராவிச் சலவை’ என விளம்பரம் செய்யப்படும் முறையில் பெரும்பாலும் நீராவி இல்லை. இயந்திரம் வெந்நீரை அழுத்தத்துடன் தெளிக்கிறது. உடன் செல்லும் உறிஞ்சுகுழல் அந்நீரை அழுக்குடன் உடனே இழுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, சூடான நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து உண்டாகும் நுண்துளிகளே.

சூடு எண்ணெய்ப் பசையை இளக்கும் என்பது உண்மை. செயற்கை நார் விரிப்புகள் மிகுந்த சூட்டைத் தாங்கும். கம்பளிக்கு அது பொருந்தாது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, பின்னோக்கி நகர இயலாமல் இறுகிக் கட்டிப்படும். இவ்வாறு இறுகிய கம்பளி மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. மேலும் சூடு சாயத்தையும் இளக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பே கம்பளிக்குப் போதுமானது.

நான்காம் தப்பெண்ணம்: நுரை மிகுந்தால் அழுக்கு நீங்கும்

நுரைக்கும் தூய்மைக்கும் நேரான தொடர்பு இல்லை. சலவைப் பொருள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நார்களுக்கிடையே நீர் புகச் செய்கிறது. எண்ணெய்ப் பசையை நுண்துளிகளாகப் பிரித்து நீரில் மிதக்கவிடுகிறது. நுரை அதன் உடன்விளைவு மாத்திரமே. அளவுக்கு மீறிய நுரையை முற்றிலும் அலசி எடுப்பது கடினம். எஞ்சிய சலவைப் பொருள் உலர்ந்து பிசுபிசுப்பாகி, காலில் வரும் தூசியைப் பற்றிக்கொள்ளும். ‘ஒருமுறை கழுவினால் கம்பளம் விரைவில் அழுக்காகும்’ என்ற பரவலான குறை இதனாலேயே எழுகிறது. குற்றம் கழுவியதில் இல்லை. சரிவர அலசாததில் உள்ளது.

கிணற்று நீர் கடின நீராயின் வேறொரு தொல்லையும் உண்டு. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்கசடாகி இழைகளில் படியும். அவ்வூர்களில் சலவையாளர் மென்மையாக்கிய நீரையோ, கடின நீரிலும் கசடு தராத செயற்கைச் சலவைப் பொருளையோ நாடுகின்றனர்.

ஐந்தாம் தப்பெண்ணம்: உலர்சலவையில் நீரே இல்லை

உலர்சலவை என்னும் பெயர் கம்பளத் தொழிலில் பல முறைகளைக் குறிக்கிறது. ஒன்றில் கரைப்பான் திரவம் பயன்படுகிறது. மற்றொன்றில் ஈரமூட்டிய பொடியைத் தூவித் தேய்த்து, அழுக்கை உறிஞ்சியபின் பொடியை உறிஞ்சுகுழலால் நீக்குவர். அப்பொடியின் ஈரத்தில் நீரும் உண்டு. ஆகவே ‘உலர்’ என்பதற்கு ‘விரைவில் உலரும்’ என்று பொருள் கொள்ளுதலே தகும். இம்முறை மேற்பரப்பைத் துலக்கும். அடியில் ஆழ்ந்த மண்ணையும் சிறுநீர் போன்ற கறைகளின் உப்புகளையும் முழுமையாக அகற்றாது.

ஆறாம் தப்பெண்ணம்: மறைந்த கறை திரும்பினால் சலவையாளர் ஏமாற்றினார்

சலவை முடிந்த அன்று தூய்மையாக இருந்த இடத்தில் இரண்டொரு நாளில் பழைய கறை தோன்றுவதுண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான தந்துகிக் கவர்ச்சியே இதற்கும் காரணம். சிந்திய தேநீரின் ஒரு பகுதி அடித்தளம் வரை இறங்கியிருக்கும். கம்பளம் உலரும்போது நீர் மேலிழைகளின் நுனியில் ஆவியாகிறது. அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து நீர் ஏறுகிறது. கரைந்த கறையையும் உடன் கொணர்கிறது. நீர் ஆவியாகிவிட, கறை நுனியில் தங்கிவிடுகிறது. சணலும் பருத்தியும் உள்ள அடித்தளம் மிகுதியாக நனைந்தால், அவற்றிலிருந்து கரைந்த பொருள்கள் இதே வழியில் ஏறிப் பழுப்பு நிறத்தை உண்டாக்குவதும் உண்டு.

இதில் இரு தரப்பையும் நடுநிலையுடன் நோக்கவேண்டும். அளவுக்கு மீறி நனைத்து, உறிஞ்சாமல் விட்டதால் கறை ஏறியிருப்பின் பிழை சலவையாளருடையது. சிந்தியவுடன் குடம் நீரை ஊற்றித் தேய்த்துக் கறையை அடித்தளத்திற்கு இறக்கியவர் வாடிக்கைக்காரராயின், பிழை அங்கே தொடங்கிற்று. சிந்தியவுடன் வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பதே முறை, தேய்த்தல் ஆகாது.

உலர்த்துதல்

மேலிழை உலர்ந்ததாகத் தோன்றினும் அடித்தளம் ஈரமாக இருக்கலாம். கம்பளி ஈரத்தை மறைக்கும் இயல்புடையது என முன்னரே கண்டோம். ஒன்றிரண்டு நாள் ஈரம் நீங்காவிடின் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். அது பருத்திப் பாவை உளுக்கச் செய்யும். பின்னர் கம்பளத்தை மடித்தால் அடித்தளம் முறியும்.

அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 காலரி வெப்பம் வேண்டும். கம்பளத்தில் 10 லிட்டர் நீர் தங்கினால் அதனை ஆவியாக்க 5,800 கிலோ காலரி தேவை. 72 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றப் போதுமான வெப்பம் இது. இவ்வளவையும் காற்றிடமிருந்து பெறுவதைவிட, சுழற்றியோ உறிஞ்சியோ நீரை நீராகவே வெளியேற்றுவது எளிது. எஞ்சியதைக் காற்றோட்டம் உலர்த்தும். மழைக்காலத்தில் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் உலர்தல் மிகவும் தாமதமாகும். முழுச் சலவைக்கு வறண்ட பருவமே ஏற்றது. கடும் வெயில் சாயத்தை மங்கச் செய்யுமாதலால், வெயிலில் இட நேர்ந்தால் பின்புறம் மேலாக இருக்கும்படி விரித்தல் நன்று.

வகுப்பறைச் சோதனைகள்

1. அலசல்: ஒரே அளவான இரு கடற்பஞ்சுத் துண்டுகளில் இருபது துளி மை இடுக. ஒன்றை 60 மில்லி லிட்டர் நீரில் ஒருமுறை நனைத்து, பிழியாமல் எடுக்க. மற்றதை 20 மில்லி லிட்டர் வீதம் புதுநீரில் மூன்று முறை நனைத்து, ஒவ்வொரு முறையும் நன்கு பிழிக. பின்னர் இரண்டையும் சம அளவு புதுநீரில் நனைத்து, பிழிந்த நீரை இரு கண்ணாடிக் குழாய்களில் ஒப்பிடுக.

2. கறை ஏறுதல்: பழைய பருத்தித் துவாலை இரண்டை நான்காக மடித்துத் தட்டுகளில் வைக்க. இரண்டிலும் அடி மடிப்பில் சில துளி மை இடுக. ஒன்றை முற்றிலும் நனைக்க. மற்றதன் மேற்புறத்தில் சிறிதே தெளிக்க. மறுநாள் மேல் மடிப்புகளை ஒப்பிடுக.

3. நாரை அறிதல்: ஆசிரியர் இடுக்கியால் ஓர் இழையைப் பற்றித் தீயில் காட்டுக. கம்பளி மயிர் கருகும் மணம் தந்து, நொறுங்கும் கரியாகும். பருத்தி காகிதம் எரியும் மணம் தரும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

சலவைக்கு முன் கம்பளத்தைத் திருப்பிப் பார்த்து அதன் வகையை அறியச் செய்க. ஒவ்வொரு நிறத்தின்மீதும் ஈரமான வெள்ளைத் துணியைச் சில நிமிடம் அழுத்தி வைக்கவேண்டும். துணியில் நிறம் பற்றினால் அக்கம்பளத்தை நனைத்தல் ஆபத்து. எவ்வளவு நீர் ஊற்றுவார் என்று சலவையாளரைக் கேட்பதற்குப் பதிலாக, நீரை எவ்வாறு வெளியேற்றுவார், எத்தனை மணி நேரத்தில் உலர்த்தித் தருவார் என்று கேட்குமாறு வாடிக்கைக்காரர்களுக்கு அறிவுறுத்துக. சலவை நீரில் சாயமும் உதிர்ந்த நாரும் கலந்திருப்பதால், அது கிணற்றுக்கோ குளத்திற்கோ செல்லாதபடி கவனித்தல் சலவையாளரின் கடமையாகும்.

சலவையாளரின் திறமையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வேலையில் உள்ளது. தட்டுதல், பலமுறை அலசுதல், நீரை இழுத்தெடுத்தல், பொறுமையாக உலர்த்துதல் ஆகியவற்றிற்கு நேரமும் கூலியும் வேண்டும். இவற்றின் பயனை அறியாத வாடிக்கைக்காரர், நீரை வாரி இறைத்து நுரையைக் காட்டிக் குறைந்த கூலி கேட்பவரையே நாடுவார். அதனால் நல்ல தொழிலாளி பிழைப்பை இழப்பார். நெசவாளியின் உழைப்பும் பாழாகும். சரியான விளக்கம் இருவரையும் காக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பருத்தி விரிப்பைத் துவைப்பதுபோல் கம்பளியைத் துவைக்கலாகாது, ஏன்?
2. கம்பளத்தில் 5 லிட்டர் நீர் தங்குமாயின், பத்துப் பத்து லிட்டராக மூன்று முறை அலசியபின் 100 கிராம் அழுக்கில் எவ்வளவு எஞ்சும்?
3. ஒட்டிய விரிப்புக்கும் தனிக் கம்பளத்திற்கும் நீரின் அளவு வேறுபடுவதற்குக் காரணம் கூறுக.
4. மறைந்த கறை மீண்டும் தோன்றும் விதத்தைப் படம் வரைந்து விளக்குக.